ஒரே சத்தத்தில் கேளுங்கள்: வீட்டு இசைக்கு ஹெட்போன் தேர்ந்தெடுக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில் இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றிக் காதில் வைத்துப் பார்த்து, ‘இதுதான் துல்லியம்’ என்று ஒன்றை வாங்கி வந்தேன். அன்று இரவு வீட்டில் ஒரு வயலின் கச்சேரிப் பதிவைப் போட்டேன். இருபதாவது நிமிடத்திலிருந்து, மேல் ஸ்தாயிக்கு வாசிப்பு ஏறும்போதெல்லாம் காதுக்குள் ஊசி குத்தியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், பழகவில்லை. பிறகு, கடையில் நான் ஒதுக்கிவிட்டு வந்த அந்த மற்றொரு மாடலை நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கி, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்டேன். ஒதுக்கியதுதான் நல்லது. கடையில் போனின் ஒலியளவை நான் தொடவே இல்லை. அதே அளவில் நான் வாங்கியது கூடுதலாகச் சத்தம் போட்டது. அந்தக் கூடுதல் சத்தத்தைத்தான் துல்லியம் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன்.

நம் காதின் இயல்பு அப்படி. ஒரே பாட்டை இரண்டு முறை ஒலிக்கவிட்டு, இரண்டாவது முறை ஒரு டெசிபல் மட்டும் கூட்டினால், சத்தம் கூடியிருக்கிறது என்று பெரும்பாலும் தோன்றாது. நிறைவாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது என்றே தோன்றும். குறைந்த சத்தத்தில் தாழ்ந்த ஒலிகள் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் எல்லா ஒலிகளும் ஒரே அளவில் கூடுவதாகக் காது உணர்வதில்லை, இசையின் நிறமே மாறுகிறது. ஆகவே சத்தத்தைச் சமப்படுத்தாமல் செய்த எந்த ஒப்பீட்டையும் நான் இப்போது நம்புவதில்லை. புதிதாக வாங்குகிறவர்களும் நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்பு சில முடிவுகளை எடுத்துவிட வேண்டும்.

முதலில் வீட்டைப் பாருங்கள்

நல்ல ஹெட்போன்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. காதைச் சுற்றியுள்ள கிண்ணத்தின் வெளிப்புறம் முழுக்க அடைபட்டிருந்தால் அது மூடிய வகை, வலை போலத் திறந்திருந்தால் திறந்த வகை. சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் வெளியிட்ட எச்.டி. 414 மாடல்தான் திறந்த வகையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. திறந்த கிண்ணத்தில் ஒலி பின்பக்கமாகவும் வெளியேறிவிடுவதால் உள்ளே முட்டி எதிரொலிப்பது குறைகிறது. பாடகர் தலைக்குள் உட்கார்ந்து பாடுகிறார் என்ற உணர்வு குறைந்து, சற்று விலகி நின்று பாடுவது போலக் கேட்கும். இசைக்கு எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் நம் வீடுகளில் இதற்கு ஓர் எதிரி இருக்கிறது. மின்விசிறி. திறந்த வகை ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, சென்னையின் மே மாதத்தில் தலைக்கு மேலே விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டால், அந்த இரைச்சல் அப்படியே உள்ளே வரும். தம்புராவின் மெல்லிய கார்வை அதில் கரைந்துபோகும். அதை மீற நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள். எந்த நேரத்தில், எந்த அறையில், எதன் கீழே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். விசிறியைக் குறைத்து வைக்க முடிகிற இரவு நேரம் என்றால் திறந்த வகை. பக்கத்திலேயே தொலைக்காட்சி ஓடுகிறது, சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது என்றால் மூடிய வகை. பக்கத்தில் குழந்தை தூங்கும் அறையாக இருந்தாலும் மூடிய வகையே சரி, ஏனென்றால் திறந்த வகையிலிருந்து வெளியே கசியும் இசை அறை முழுக்கக் கேட்கும்.

கம்பியில்லா புளூடூத் ஹெட்போன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயணத்துக்கு அவை அருமை. வீட்டில் ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு, அதே பணத்தில் கம்பி உள்ளது கூடுதல் தரம் தரும், பேட்டரி தேய்ந்துபோகும் கவலையும் இல்லை. இந்தக் கட்டுரையில் நான் பேசுவது கம்பி உள்ளவற்றைப் பற்றி.

தலையும் காதும்

இசையின் தரத்தைப் பற்றி மணிக்கணக்கில் படிப்பவர்கள் தங்கள் தலையை மறந்துவிடுகிறார்கள். காதுமெத்தை கன்னத்தோடும் தாடையோடும் இடைவெளியில்லாமல் படிந்தால்தான், குறிப்பாக மூடிய வகையில், பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி முழுமையாக வரும். சிறு இடுக்கு இருந்தால்கூட அது வழியே பேஸ் வடிந்துவிடும். மூக்குக் கண்ணாடியின் கம்பிகள் அப்படியொரு இடுக்கை உண்டாக்குகின்றன. கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் ஹெட்போனைச் சோதிக்க வேண்டும். ஜிமிக்கியும் மாட்டலும் போட்டிருக்கும்போது மெத்தை சரியாகப் படியாது, தோட்டின் திருகு காதின் பின்புறத்தில் அழுந்தி ஒரு மணி நேரத்தில் வலி எடுக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் நல்ல ஹெட்போன் ஒன்றை ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் தோடுதான். காது முழுவதும் உள்ளே அடங்கும்படி ஆழமான மெத்தை உள்ள மாடலுக்கு மாறியதும் பிரச்சினை தீர்ந்தது.

எடையையும் கவனியுங்கள். சென்ஹைசர் எச்.டி. 600 சுமார் 260 கிராம். பிளேனார் எனப்படும் தட்டைச் சவ்வு வகையில் அரைக் கிலோவைத் தாண்டுபவையும் உண்டு. அதன் ஒலி எவ்வளவு அழகாக இருந்தாலும், இரண்டு மணி நேரக் கச்சேரி முடியும்போது கழுத்து அதைச் சொல்லும்.

போன் போதுமா, ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா?

புதியவர்களை மிகவும் குழப்புவது இந்தக் கேள்விதான், வீண் செலவு நடப்பதும் இங்கேதான். பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஓம் கணக்கில் மின்மறுப்பு, இம்பீடன்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். இன்னொன்று டெசிபலில் உணர்திறன், அதாவது சென்சிட்டிவிட்டி. ஓம் அதிகமானால் ஓட்டுவது, அதாவது போதிய சத்தத்தில் ஒலிக்கவைப்பது, கடினம் என்று பலரும் சொல்வார்கள், அது பாதி உண்மை. இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெட்போனை இணைப்பதற்காகப் போனில் செருகும் சிறிய டாங்கிள் ஒன்று 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 ஓம் ஹெட்போனில் அது சுமார் 31 மில்லிவாட்டாக மாறும், 300 ஓம் ஹெட்போனில் சுமார் 3.3 மில்லிவாட்தான். இரண்டுமே ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தருபவை என்றால், முதலாவது 115 டெசிபல் வரை போகும், இரண்டாவது 105-இல் நின்றுவிடும். வீட்டில் நாம் கேட்கும் சராசரி 70 முதல் 80 டெசிபல், அதற்கு மேல் தவில் அடியும் தாளத்தின் வீச்சும் எழும்ப இருபது டெசிபல் இடம் விட்டாலும் 105 போதும். அப்படியானால் 300 ஓம் ஹெட்போனும் அந்தச் சிறிய டாங்கிளில் பெரும்பாலும் ஓடிவிடும். மிகத் தாழ்ந்த அளவில் பதிவான பழைய கச்சேரிகளில் மட்டும் சத்தம் போதாமல் போகலாம்.

இப்போது மறுபக்கம். 25 ஓம், மில்லிவாட்டுக்கு 91 டெசிபல் என்று அச்சிட்ட ஒரு பிளேனாரை எடுங்கள். ஓம் குறைவுதான். ஆனால் தாழ்ந்த அளவில் பதிவான கச்சேரிகளுக்கும் இடம் விட்டு 111 டெசிபல் உச்சத்தைத் தொட 20 டெசிபல் கூட வேண்டும், அதற்கு மின்சக்தி நூறு மடங்கு, அதாவது 100 மில்லிவாட் தேவை. சாதாரணப் போனும் சிறிய டாங்கிளும் இங்கே திணறும். ஓமைப் பார்த்து ‘இது எளிதில் ஓடும்’ என்று வாங்கியவர் ஏமாந்துபோவார்.

சில நிறுவனங்கள் உணர்திறனை மில்லிவாட்டுக்கு இவ்வளவு என்றும், சில ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு என்றும் அச்சிடுகின்றன. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். பேயர்டைனமிக்கின் டி.டி. 770 ப்ரோ போன்ற ஒரே மாடலே 32, 80, 250 ஓம் என மூன்று வடிவங்களில் வருகிறது. வாங்கும்போது எதைக் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அதன் ஹெட்போன் துளையில் செருகும் ஆசை வரும். செருகிப் பார்க்கலாம், ஆனால் பல பழைய ஆம்ப்ளிஃபயர்களின் அந்தத் துளைக்கே நூறு ஓமுக்கு மேல் சொந்த மின்மறுப்பு உண்டு. ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அது போகாமல் இருப்பது நல்லது என்பது நடைமுறைக் கணக்கு. மீறினால் என்ன ஆகும்? எச்.டி. 600-இன் மின்மறுப்பு பெயரளவுக்கு 300 ஓம் என்றாலும், 100 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது பேஸ் பகுதியில், 500 ஓமைத் தாண்டுகிறது. அத்தகைய ஆம்ப்ளிஃபயரில் அந்த இடத்துக்கு மட்டும் மின்னழுத்தம் கூடுதலாகப் போய்ச்சேர்ந்து, பேஸ் உப்பிக் கேட்கும். சிலருக்கு அது பிடிக்கவும் செய்கிறது. ஆனால் அது ஹெட்போனின் குணம் இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பங்கிடும்போது பெரும் பகுதியை ஹெட்போனுக்கே ஒதுக்குங்கள். ஆயிரக்கணக்கில் விற்கும் கேபிள்கள் ஒலியை மாற்றும் என்று நான் நம்பவில்லை. சத்தத்தைச் சமப்படுத்தி மாற்றி மாற்றிக் கேட்டபோது எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை.

விலையும் வரைபடமும்

விலை ஏற ஏறத் தரம் ஏறும் என்ற எண்ணத்தைக் கழற்றி வையுங்கள். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 283 ஹெட்போன்களை அளந்து, அவற்றின் அதிர்வெண் சமநிலைக்கும் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகள் எந்த விகிதத்தில் வருகின்றன என்பதற்கும்) விலைக்கும் தொடர்பே இல்லை என்று கண்டது. கட்டுமானம், வசதி, உதிரிபாகம் இவற்றுக்காக விலை கூடலாம். இசை நன்றாகக் கேட்கும் என்பதற்கு விலைச்சீட்டு சாட்சி சொல்லாது.

பெட்டியில் ‘5 – 35,000 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருப்பதும் அப்படித்தான். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இளம் காதுகளுக்குக்கூட 20,000 ஹெர்ட்ஸ்தான் எல்லை.

உதவக்கூடியது அதிர்வெண் வரைபடம். இடமிருந்து வலமாகத் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை, கீழிருந்து மேலாக டெசிபல். அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பலரைக் கேட்கவைத்துச் செய்த ஆய்வுகளில், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரைக் கேட்பது போன்ற சமநிலை கொண்ட ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று தெரியவந்தது. அதிலிருந்து 2013-இல் ஓர் இலக்குக் கோடு பிறந்தது, பின்னர் திருத்தவும் பட்டது. வரைபடங்களில் ‘ஹார்மன் இலக்கு’ என்று கோடிட்டிருப்பது அதுதான். ஒரு மாடல் அதை ஒட்டிப் போகிறதா, எங்கே விலகுகிறது என்று பாருங்கள். 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கூர்மையான மேடு இருந்தால் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சீறும் என்று எதிர்பார்க்கலாம். ஒரே கருவியில் எடுத்த வரைபடங்களை மட்டுமே ஒப்பிட வேண்டும். வெவ்வேறு இடங்களில் அளந்த இரண்டு கோடுகளைப் பக்கத்தில் வைத்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

வரைபடத்தைப் பார்த்து முழு முடிவு எடுக்க வேண்டாம், இரண்டோ மூன்றோ மாடல்களாகப் பட்டியலைச் சுருக்க அது போதும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் பெயர்கள் பழையவை. மூடிய வகையில் 1991-இலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைக்கும் சோனி எம்.டி.ஆர். 7506, ஆடியோ-டெக்னிகா ஏ.டி.எச். எம்50எக்ஸ். திறந்த வகையில் 1997-இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600, பேயர்டைனமிக் டி.டி. 990 ப்ரோ. கடைசியாகச் சொன்னதில் ட்ரெபிள், அதாவது உயர்ந்த ஒலி, தூக்கல் என்பது பரவலாகத் தெரிந்த விஷயம். வயலினும் நாதஸ்வரமும் அதிகம் கேட்பவர் அதை நேரில் கேட்காமல் வாங்க வேண்டாம். வாய்ப்பாட்டுக்கு எச்.டி. 600-ஐ விட எனக்கு மனநிறைவு தந்தது இதுவரை கிடைக்கவில்லை. பிரபலமான மாடல்களுக்குப் போலிகளும் சந்தையில் உலவுகின்றன, ஆகவே அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டையும் துளையும்

இப்போது முக்கியமான வேலை. இரண்டு ஹெட்போன்கள், இரண்டு போன்கள், ஒரு கெட்டியான அட்டை, ஒரு பென்சில். புதுச் சட்டைக்குள் வைத்துத் தரும் அட்டை சற்று மெல்லியது, இரண்டை ஒட்டிக்கொண்டால் சரியாக இருக்கும். நடுவில், போனின் மைக் அளவுக்கு, மிளகு நுழையும் அளவில் ஒரு துளை போடுங்கள்.

முதல் போனில், பாட்டுக்கு மெருகு சேர்க்கிறேன் என்று ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டால்பி, சரவுண்ட், பேஸ் பூஸ்ட் போன்றவை பல போன்களில் நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். பிறகு பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான இரைச்சலை ஓடவிடுங்கள், குற்றால அருவியைத் தூரத்திலிருந்து கேட்பது போல இருக்கும். இரண்டாவது போனில் சத்தம் அளக்கும் இலவசச் செயலி ஒன்றைத் திறந்து, அதில் ‘ஏ வெயிட்டிங்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஹெட்போனில் பேஸ் தூக்கலாக இருந்தால் அளவு வீங்காமல் இருக்க இது உதவும். விசிறியை நிறுத்துங்கள். அட்டையின் மேல் காதுமெத்தை முழுவதும் படியும்படி வைத்து, அடியில் துளைக்கு நேரே இரண்டாவது போனின் மைக்கைப் பிடியுங்கள். எண் நிலைப்படப் பத்து வினாடி விடுங்கள். எடுத்து மறுபடி வையுங்கள், மூன்று முறை பார்த்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இரண்டாவது ஹெட்போன். அதே எண் வரும் வரை ஒலியளவைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். போனின் பக்கவாட்டுப் பொத்தானில் ஒரு படி ஏறினாலே சில டெசிபல் தாவிவிடும், அது போதாது. செயலிக்கு உள்ளே இருக்கும், விரலால் நகர்த்தும் நழுவு அளவையோ, கணினியில் நூறு படிகள் உள்ள அளவையோ பயன்படுத்துங்கள். அரை டெசிபலுக்குள் வந்துவிட்டால் நல்லது. திரையில் தெரியும் எண் உண்மையான டெசிபலாக இருக்க வேண்டிய அவசியமில்லை, இரண்டு ஹெட்போன்களுக்கும் அது ஒன்றாக இருந்தால் போதும். கடைசியாக, பக்கவாத்தியம் இல்லாத ஒற்றைக் குரலை இரண்டிலும் கேட்டு, குரலின் உரப்பு சமமாக இருக்கிறதா என்று காதால் உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்த ஹெட்போனுக்கு எந்த அளவு என்பதை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

எதைக் கேட்பது?

உங்களுக்கு மனப்பாடமான பதிவுகளை எடுங்கள். கடைக்காரர் போடும் பளபளப்பான மாதிரிப் பாட்டு எந்த ஹெட்போனிலும் நன்றாகத்தான் இருக்கும். நான் மூன்று இடங்களைக் கேட்கிறேன்.

முதலாவது தம்புரா. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வேண்டாம், நிஜத் தம்புரா. தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகிய ஜீவா நூலால் தந்தி குதிரையை மெல்ல உரசி, ஒரே மீட்டலில் மேலொலிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து வரும். நல்ல ஹெட்போனில் அந்த விரிவைப் பின்தொடர முடியும், மீட்டிய கணத்துக்குப் பிறகு ஒலி உயிரோடு நிறம் மாறிக்கொண்டே போகும். ட்ரெபிள் மங்கிய ஹெட்போனில் அது வெறும் ‘ம்ம்’ ஆகிவிடும். ட்ரெபிள் துருத்திய ஹெட்போனில் ரீங்காரம் தனியே பிரிந்து வண்டு போலக் காதருகே சுற்றும்.

இரண்டாவது மிருதங்கம். சாதாரணத் தோல் கொட்டு வாத்தியத்தில் தெளிவான சுருதி எழாது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் கரும் கரணை ஏற்றியிருப்பதால் அதன் மேலொலிகள் சுருதியோடு இசைந்து நிற்கின்றன என்பதை சி.வி. ராமன் 1920-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். அந்தச் சுருதி உங்கள் ஹெட்போனில் கேட்கிறதா? தனி ஆவர்த்தனத்தில் வலந்தலையில் ஓர் அடி விழும்போது அதைக் கூடவே வாயால் ‘ஸா’ என்று பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் வழுக்கிக்கொண்டு ஏறுவது சுருதியோடு ஏறுகிறதா, இல்லை ‘தும்’ என்ற வெறும் காற்றடியாக இருக்கிறதா? பேஸ் அதிகம் என்று விளம்பரப்படுத்தும் பல ஹெட்போன்கள் இந்த இடத்தில் தோற்றுப்போகின்றன. பேஸ் அளவில் நிறைய இருக்கும், ஆனால் எந்தச் சுருதி என்று சொல்ல முடியாது.

மூன்றாவது குரல். ‘ஸ’, ‘ஷ’ வரும் ஸ்வர வரிசைகள், சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்த கீர்த்தனைகள் இதற்கு ஏற்றவை. உங்களுக்குத் திரையிசைதான் உயிர் என்றால், எண்பதுகளின் ஸ்டீரியோ பதிவுகளில் வயலின் கூட்டம் ஒரு பக்கமும் கிட்டார் மறுபக்கமும் இருக்கும்போது, நடுவில் குரல் நிலைகுலையாமல் நிற்கிறதா என்று கேளுங்கள்.

ஒவ்வொன்றிலும் இருபது வினாடித் துண்டு போதும். ஒலியின் நுட்பமான நினைவு சில வினாடிகளில் கலைந்துவிடும், ஆகவே ஹெட்போனை மாற்றும் வேலையைச் சட்டென்று செய்யுங்கள். வீட்டில் யாரையாவது எடுத்துக் கொடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. முடிந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தலையில் படும் அழுத்தத்தை வைத்து எது எது என்று தெரிந்துவிடும், அதைத் தவிர்க்க வழியில்லை. விலையும் பளபளப்பும் கண்முன் நிற்காமல் இருப்பதே பெரிய உதவி.

இந்தக் குறுஞ்சோதனை வேறுபாடுகளைக் காட்டும். எதனோடு வாழ முடியும் என்பதை அது காட்டாது. அதற்கு நீண்ட சோதனை வேண்டும். மூன்று நாட்கள் ஒரு ஹெட்போன், அடுத்த மூன்று நாட்கள் மற்றொன்று. ஒவ்வோர் இரவும் ஒரு மணி நேரம், சீட்டில் எழுதிய அதே அளவில். குறிப்பு எதுவும் எழுத வேண்டாம். எதைக் கழற்ற மனம் வரவில்லை, எதைக் கழற்றியதும் அப்பாடா என்று இருந்தது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். கடையில் நான் செய்த தவறு இந்த ஏழாம் நாளில் தானாக வெளிப்பட்டிருக்கும்.

‘நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மாறிவிடும், பொறுங்கள்’ என்று யாராவது சொன்னால் அதற்காகத் திருப்பித் தரும் கெடுவைத் தவறவிடாதீர்கள். மெத்தை இளகும், உங்கள் காது பழகும், அவ்வளவுதான். முதல் வாரத்தில் ஊசி போலக் குத்துவது மூன்றாவது மாதத்திலும் குத்தும்.

வாங்கிய பிறகு

சிறு குறைகளை, ஒவ்வோர் அதிர்வெண் பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க உதவும் ஈக்வலைசரால் சரிசெய்யலாம். ஆட்டோஈக்யூ என்ற இலவசத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்குத் திருத்த எண்கள் கிடைக்கின்றன. விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏ.பி.ஓ., ஆண்ட்ராய்டில் வேவ்லெட் செயலி அவற்றை ஏற்கும். 105 ஹெர்ட்ஸில் பேஸைச் சற்று உயர்த்துவது, 8,000-இல் மூன்று டெசிபல் குறைப்பது போன்றவை வியக்கத்தக்க மாற்றம் தரும். திருத்தத்துக்கு முன்பும் பின்பும் கேட்டு ஒப்பிடும்போதும் சத்தத்தைச் சமப்படுத்த மறக்காதீர்கள்.

காதுக்கு ஒரு கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறது, குழந்தைகளுக்கு 75 டெசிபல். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் வாரத்துக்கே ஐந்து மணி நேரம்தான். மெத்தைக்கு வெளியே பேசும் குரல் கேட்கவே இல்லை என்றால் குறைத்துவிடுங்கள். காதில் ஒரு முறை ரீங்காரம் நிலைத்துவிட்டால் எந்த ஹெட்போனும் அதைப் போக்காது.

நம் ஊரின் ஈரப்பதத்தில் முதலில் கெடுவது மெத்தை. செயற்கைத் தோல் இரண்டு மூன்று ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் கறுப்பாக ஒட்டும். வெல்வெட் போன்ற துணி மெத்தை உரியாது, ஆனால் வியர்வையைக் குடிக்கும். கேட்டு முடித்ததும் உடனே பெட்டியில் அடைக்காமல் அரை மணி நேரம் காற்றாட வையுங்கள், எண்ணெய் தேய்த்த தலையோடு போடாதீர்கள். வாங்கும்போதே மெத்தையும் கேபிளும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று விசாரித்துவிடுங்கள். எச்.டி. 600 போன்றவற்றில் கருவி எதுவும் இல்லாமலே மெத்தை, கேபிள், தலைப்பட்டையின் பஞ்சு எல்லாவற்றையும் கழற்றி மாற்ற முடிகிறது. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு உழைப்பவை இத்தகையவைதான்.

பஞ்சு அமுங்கிப்போன மெத்தையில் காது, டிரைவர் எனப்படும் ஒலி எழுப்பும் பாகத்துக்கு நெருக்கமாகிவிடுவதால் ஒலியின் சமநிலையே மாறும். மாதக்கணக்கில் சிறிது சிறிதாக மாறுவதால் நமக்குத் தெரியாது. பாட்டு ஏதோ போல இருக்கிறது என்று தோன்றத் தொடங்கினால், புது ஹெட்போன் தேடும் முன்பு மெத்தையை மாற்றிப் பாருங்கள். மாற்றிய அன்று அந்த அட்டையை மறுபடி எடுத்து அளந்து, பழைய சீட்டில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டு, தம்புராவில் தொடங்குங்கள்.